தினமும் ஓடியும் டைமிங் ஏன் குறையவில்லை?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 16 வயதுப் பையன், பள்ளி அணியில் 100 மீட்டர் ஓடுகிறான். வாரத்தில் ஆறு நாள் கிரவுண்டுக்குப் போகிறான். பெரும்பாலான நாள்களில் பத்து நூறு மீட்டர், நடந்து திரும்பிவரும் நேரம்தான் ஓய்வு. போன சீசனில் 11.8 விநாடியில் ஓடியவன் இந்த சீசனில் 12.0-இலேயே நிற்கிறான். கால் எப்போது பார்த்தாலும் கனக்கிறது என்கிறான். பயிற்சியைக் கூட்ட வேண்டுமா, ஓய்வு கொடுக்க வேண்டுமா என்று அவனுடைய அப்பா கேட்கிறார்.

முதலில் எனக்கு ஒரு சந்தேகம். அந்த 11.8 ஸ்டாப்வாட்ச்சில் எடுத்ததா? இந்த 12.0 எலெக்ட்ரானிக் டைமிங்கா? கையால் எடுக்கும்போது துப்பாக்கி வெடித்த பிறகுதான் விரல் பட்டனை அழுத்துகிறது. முடிவுக் கோட்டிலோ ஆள் வருவதைப் பார்த்துக்கொண்டே இருப்பதால் சரியான நேரத்தில், சமயத்தில் அதற்கும் முன்பே, அழுத்திவிடுகிறோம். அதனால் கை டைமிங் எப்போதும் உண்மையைவிடக் கொஞ்சம் குறைவாகவே வரும். 100, 200 மீட்டருக்குக் கை டைமிங்கோடு 0.24 விநாடி சேர்த்து எலெக்ட்ரானிக் கணக்குக்கு மாற்றுவது வழக்கம். சேர்த்துப் பாருங்கள்: 11.8 என்பது 12.04 ஆகிவிடும். அப்படியென்றால் பையன் மெதுவாகவே ஆகவில்லை. காற்றையும் பாருங்கள். விநாடிக்கு 2.0 மீட்டருக்கு மேல் பின்காற்று அடித்தால் அந்த நேரத்தைச் சாதனைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அவ்வளவு உதவி அது. போன வருடம் அன்றைக்குக் காற்று எப்படி இருந்தது என்று யாருக்குத் தெரியும்?

சரி, மெதுவாகவில்லை என்றே வைத்துக்கொள்வோம். வளர்கிற வயதில் ஒரு முழு வருடம் ஒரே இடத்தில் நிற்பதும் சரியில்லைதான். அதற்கான காரணம் கேள்வியிலேயே இருக்கிறது: பத்து நூறு, ஆறு நாள், நடந்து திரும்பும் ஓய்வு. இது கடுமையான பயிற்சிதான், மறுக்கவில்லை. ஆனால் வேகப் பயிற்சி கிடையாது. பையன் களைப்போடு ஓடுவதற்குப் பழகுகிறான், அதில் நன்றாகவே தேறிக்கொண்டும் இருக்கிறான்.

முழு வேகத்தில் ஓடும்போது தசைக்கு உடனடி எரிபொருளாக இருப்பது கிரியேட்டின் பாஸ்பேட். அது சில விநாடிகளுக்குத்தான் தாங்கும். தீர்ந்த பிறகு அரை நிமிடத்தில் பாதி அளவு திரும்பச் சேர்ந்துவிடும். ஏறக்குறைய முழுவதும் சேர மூன்று முதல் ஐந்து நிமிடம் ஆகும். நூறு மீட்டர் நடந்து திரும்ப ஒன்றரை நிமிடம். ஆக முதல் ஓட்டம் மட்டும்தான் நிறைந்த டேங்கோடு போகிறது. நாலாவது, ஐந்தாவது ஓட்டத்தில் அவனுடைய வேகம் உச்சத்தில் 85 சதவீதத்துக்கு வந்திருக்கும். பையன் உயிரைக் கொடுத்துத்தான் ஓடுவான்; முகம் சுருங்கும், தோள் காதுவரை ஏறும். ஆனால் கால்கள் பழகுவது அந்த 85 சதவீதத்தைத்தான்.

எரிபொருள் மட்டும் விஷயமில்லை. உச்ச வேகத்தில் ஒரு பாதம் தரையில் இருப்பது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு விநாடி. அந்த நேரத்துக்குள் உடல் எடையைப் போல மூன்று மடங்குக்கு மேல் விசையைத் தரையில் செலுத்திவிட்டு எழ வேண்டும். இதைச் செய்ய மூளையும் நரம்பும் ஒரே நொடியில் எத்தனை தசை நார்களைத் தட்டி எழுப்ப முடிகிறது என்பதுதான் கேள்வி. களைத்த நரம்பால் அது முடியாது. வேகம் என்பதை ஒரு திறமையாக நினைத்துப் பாருங்கள், புரிந்துவிடும். தூக்கம் கண்ணைச் சொருகும்போது வீணை பழகினால் தப்புத் தப்பாகத்தான் கையில் படியும்.

பக்கத்தில் நின்று கேட்டாலே இது தெரியும். ஸ்டாப்வாட்ச் கூட வேண்டாம். டிராக் ஓரத்தில், 40 மீட்டர் அடையாளத்துக்குப் பக்கத்தில் நின்று கண்ணை மூடிக்கொள்ளுங்கள். முதல் இரண்டு ஓட்டத்தில் காலடிச் சத்தம் சின்னதாக, கூர்மையாக, டக் டக் டக் என்று போகும். களைப்பு ஏறியதும் அதே கால் தொப் தொப் என்று விழும். குதிகால் தாழ்ந்துவிட்டது, பாதம் தரையில் கூடுதல் நேரம் ஒட்டுகிறது என்று அர்த்தம். என்னிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் வைத்திருக்கும் விதி, தொப் கேட்டால் அன்றைக்கு வேக ஓட்டம் முடிந்தது. அட்டவணையில் இன்னும் மூன்று பாக்கி இருந்தாலும் சரி.

ஓய்வுக்கு ஒரு நாட்டுக் கணக்கு உண்டு: முழு வேகத்தில் ஓடும் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு நிமிடம். 30 மீட்டர் ஓடினால் மூன்று நிமிடம், 60 ஓடினால் ஆறு நிமிடம். பெற்றோருக்கும் கோச்சுக்கும் இதைவிடக் கஷ்டமான விஷயம் கிடையாது. நாலு விநாடி ஓடிவிட்டு மூன்று நிமிடம் பையன் சும்மா உலாவிக்கொண்டு, தண்ணீர் குடித்துக்கொண்டு, பேசிக்கொண்டு நிற்பான். பார்க்கிறவர்களுக்கு வயிறு எரியும். அந்த மூன்று நிமிடம்தான் அடுத்த ஓட்டத்தை வேகமாக்குகிறது.

இன்னொரு உண்மையையும் சொல்கிறேன். உசேன் போல்ட் 2009-இல் பெர்லினில் 9.58 ஓடியபோது அவருடைய அதிவேகப் பகுதி 60-இலிருந்து 80 மீட்டர் வரை. அதில் 60-க்கும் 70-க்கும் நடுவே 0.81 விநாடி. கடைசி இரண்டு பத்து மீட்டருக்கும் 0.83 ஆனது. அதாவது அவரும் கடைசியில் மெதுவாகத்தான் ஆனார், மற்றவர்களைவிடக் குறைவாக. பள்ளிப் பிள்ளைகள் பெரும்பாலும் 40 மீட்டரை ஒட்டியே உச்சத்தைத் தொட்டுவிடுவார்கள். அதற்கப்புறம் இருப்பதைக் காப்பாற்றும் வேலைதான். கடைசி 30 மீட்டரில் தளர்கிறான், அதனால் ஸ்டாமினா பத்தவில்லை என்று நூறு நூறாக ஓடவிடுவது இங்கேதான் ஆரம்பிக்கிறது. உச்ச வேகத்தைக் கூட்டினால் தளர்ந்த பிறகு மிஞ்சும் வேகமும் தானாகக் கூடும். 12 விநாடி ஓடும் பையனுக்கு முதல் மருந்து இதுதான்.

வாரத்தை நான் எப்படிப் பிரிப்பேன் என்று சொல்கிறேன். முழு வேக நாள்கள் மூன்று போதும், ஒவ்வொன்றுக்கும் நடுவில் 48 மணி நேரம். திங்கள் எடுப்பு, அதாவது நின்ற இடத்திலிருந்து வேகம் பிடிப்பது: 10 மீட்டர் நாலு, 20 மீட்டர் நாலு, 30 மீட்டர் மூன்று. கூட்டினால் 210 மீட்டர்தான். ஒரு நாளைக்கு ஆயிரம் மீட்டர் ஓடிப் பழகிய பையனுக்கு இது விளையாட்டு மாதிரி இருக்கும், இருக்கட்டும். புதன் உச்ச வேகம்: 25 மீட்டர் படிப்படியாக வேகம் ஏற்றி, அடுத்த 20 மீட்டரை முழு வேகத்தில் பறந்து கடப்பது, நாலு அல்லது ஐந்து முறை. வெள்ளி அல்லது சனி கொஞ்சம் நீளம்: 80 மீட்டர் இரண்டு, 120 மீட்டர் ஒன்று, நடுவில் பத்துப் பதினைந்து நிமிட ஓய்வு. எடைப் பயிற்சி உண்டென்றால் வேக நாளிலேயே, ஓடி முடித்த பிறகு. கடுமையான நாளைக் கடுமையாகவே வைத்துவிட்டு மறுநாளை உண்மையிலேயே லேசாக விட்டுவிட வேண்டும்.

லேசான நாளில் புல்தரையில் எட்டுப் பத்து நூறு ஓடலாம், ஆனால் உச்ச வேகத்தில் 70, 75 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. இந்தப் பையனுக்கு நூறு மீட்டருக்கு 16 முதல் 17 விநாடி. மூச்சு வாங்காமல், தோள் தளர்ந்து, பேசிக்கொண்டே ஓடலாம் போல இருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு இந்த வேகம் பிடிக்காது. பக்கத்து லேனில் யாராவது வந்துவிட்டால் போதும், 14-க்கு இழுத்துவிடுவார்கள். 80, 90 சதவீதத்தில் ஓடுவதுதான் பெரிய பொறி: வேகத்தைக் கூட்ட அது பத்தாது, களைப்பு தெளியவும் விடாது. ஆறு நாளும் பையன் அந்தப் பொறிக்குள்தான் இருந்திருக்கிறான். வாரத்தில் ஒரு நாளாவது ஸ்பைக்ஸ் (ஆணி வைத்த ஓட்டக் காலணி) பை வீட்டை விட்டுக் கிளம்பவே கூடாது.

வார்ம் அப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மெதுவோட்டம், கால்வீச்சு, ஸ்கிப்பிங் டிரில், அப்புறம் படிப்படியாக வேகம் ஏறும் மூன்று நாலு ஓட்டம். 20 முதல் 30 நிமிடம். ஒரே இடத்தில் நின்று ஒரு தசையை நிமிடக்கணக்கில் இழுத்துப்பிடிக்கும் ஸ்ட்ரெச்சிங்கை ஓட்டத்துக்கு முன் வைக்காதீர்கள். வெடிப்புத் திறன் கொஞ்சம் குறையும். முடிந்த பிறகு, சாயங்காலம், எவ்வளவு வேண்டுமானாலும் செய்யட்டும்.

பின்தொடைத் தசையைப் பற்றி மட்டும் நிறையச் சொல்ல வேண்டும். என் தப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன். பல வருடங்களுக்கு முன், போட்டிக்கு மூன்று நாள் இருக்கும்போது ஒரு பையன் வந்து, "சார், பின்தொடை லேசா இழுக்குது" என்றான். வார்ம் அப் பண்ணினால் சரியாகிவிடும் என்று ஓடவிட்டேன். சரியாகவும் ஆனது போலத்தான் இருந்தது. போட்டியில் 60 மீட்டர் தாண்டியதும் யாரோ பின்னாலிருந்து கல்லால் அடித்த மாதிரி நிமிர்ந்தான், கை நேராகப் பின்தொடைக்குப் போனது, ஒற்றைக் காலில் நாலு குதி குதித்து உட்கார்ந்துவிட்டான். ஆறு வாரம் போனது. அந்த சீசனே போனது. இன்றைக்கு யாராவது 'லேசாக' என்று சொன்னால் அன்றைக்கு முழு வேகம் கிடையாது. லேசான இழுப்புக்கு மூன்று நாள் கொடுக்கலாம். கிழிந்த தசைக்கு ஆறு வாரம் கொடுத்தே ஆக வேண்டும்.

இந்தத் தசை பெரும்பாலும் போவது, கால் முன்னால் வீசி, பாதம் தரையைத் தொடுவதற்குச் சற்று முன். அந்தக் கணத்தில் தசை நீண்டுகொண்டே பிரேக் போடுகிறது. அதனால் நீளும்போது வலுவாக இருக்கப் பழக்க வேண்டும். அதற்கு நார்டிக் என்று ஒரு பயிற்சி. முழங்காலுக்குக் கீழே மெத்தை போட்டு மண்டியிட வேண்டும், பின்னால் ஒருவர் கணுக்கால்களை அழுத்திப் பிடித்துக்கொள்வார். இடுப்பை மடக்காமல், முழங்காலிலிருந்து தலைவரை ஒரே பலகை போல, முடிந்தவரை மெதுவாக முன்னால் சாய வேண்டும். பாதி தூரத்தில் தொடை நடுங்கும், அப்புறம் பிடி விட்டுப்போய் கையால் தாங்கி விழுவார்கள். எல்லாரும் விழுவார்கள், கூச்சப்பட வேண்டாம். முதல் வாரம் ஒரே நாள், ஐந்து ஐந்தாக இரண்டு முறை போதும். மறுநாள் மாடிப்படி இறங்கும்போது திட்டுவார்கள். போகப்போக அந்த வலி வராது. இதை ஒழுங்காகச் செய்யும் அணிகளில் பின்தொடைக் காயம் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. வேக நாளுக்கு முந்தின நாள் மட்டும் வைக்காதீர்கள்.

பெரியவர்களுக்கு இல்லாத ஒரு சிக்கல் பள்ளிப் பிள்ளைகளுக்கு உண்டு. எலும்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. தசைநாண் எலும்பில் போய் ஒட்டும் இடம் பல இடங்களில் இன்னும் குருத்தெலும்புதான். தசையைவிட அதுதான் பலவீனமான கண்ணி. உட்காரும் எலும்பில், அதாவது பிட்டத்துக்குக் கீழே, பட்டென்று சத்தத்தோடு வலி வந்தால் தசைப்பிடிப்பு என்று தைலம் தேய்த்து விட்டுவிடாதீர்கள். எலும்பின் ஒரு துண்டே தசைநாணோடு பிய்ந்து வந்திருக்கலாம். எக்ஸ்ரே எடுக்க வேண்டும். முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் புடைத்து வலிப்பது, குதிகாலின் பின்பக்கம் வலிப்பது, இவையும் பெரும்பாலும் வளர்ச்சி தொடர்பானவை. ஓட்ட அளவைக் குறைத்தால் நாளடைவில் தணியும். முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே முன்பக்க எலும்பில் பரவலாக வலித்தால் அளவு கூடிவிட்டது என்று அர்த்தம். விரல் நுனி அளவு ஒரே இடத்தில் தொட்டால் துடிக்கிறது, இரவில் படுத்திருக்கும்போதும் வலிக்கிறது என்றால் எலும்பு விரிசலாக இருக்கலாம், மருத்துவரிடம் போங்கள்.

உயரம் மளமளவென்று கூடும் காலத்தில் டைமிங் நிற்பதும் சகஜம். பெண் பிள்ளைகளுக்கு 12 வயதை ஒட்டியும் பையன்களுக்கு 14 வயதை ஒட்டியும் அந்த வேகம் உச்சத்தில் இருக்கும், சிலருக்குத் தாமதமாக வரும். கால் நீண்டுவிட்டது, அதை ஆட்டும் வலு இன்னும் வரவில்லை; புதுச் செருப்பு போட்ட மாதிரி தடுமாறுவார்கள். போன வருடத்திலிருந்து உங்கள் பையன் எத்தனை சென்டிமீட்டர் வளர்ந்தான் என்று சுவரில் பாருங்கள்.

களைப்பு தெளிவதைப் பற்றிக் கேட்டால் எல்லாரும் ஐஸ் குளியல், மசாஜ் கன், பவுடர் என்று ஆரம்பிப்பார்கள். வரிசையில் முதலிடம் தூக்கத்துக்கு. 13 முதல் 18 வயது வரை எட்டிலிருந்து பத்து மணி நேரம் வேண்டும் என்பது தூக்க மருத்துவர்களின் பரிந்துரை. இரவு பன்னிரண்டு வரை போன், காலை ஐந்தரைக்குக் கிரவுண்ட் என்றால் மற்றது எதுவும் எடுபடாது. தேர்வு நேரத்தில் பயிற்சியைக் கணிசமாகக் குறையுங்கள். பரீட்சைக் கவலையும் ஓட்டக் களைப்பும் ஒரே உடம்பில்தான் ஏறுகின்றன.

இரண்டாவது, சாப்பாடு. மாவுச்சத்தைக் குறைத்துக்கொண்டு வேக ஓட்டம் ஓட முடியாது. புரதம் ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஒன்றரை கிராம் அளவில் இருந்தால் போதும், அதையும் ஒரே வேளையில் கொட்டாமல் மூன்று நாலு வேளைக்குப் பிரிக்க வேண்டும். எனர்ஜி டிரிங்க் இந்த வயதுக்கு வேண்டவே வேண்டாம். கிரியேட்டின் பவுடரையும் 18 வயது வரை மறந்துவிடலாம். ஓட்டக்காரி என்றால் இன்னொன்று: மாதவிடாய் தொடர்ந்து மூன்று மாதம் நின்றுபோனால் அதைப் பயிற்சியின் அடையாளம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். போதிய அளவு சாப்பிடவில்லை என்பதற்கான எச்சரிக்கையாக இருக்கலாம், மருத்துவரைப் பார்க்க வேண்டும். எப்போதும் சோர்வு என்றால் இரும்புச்சத்தையும் சோதித்துப் பார்ப்பது நல்லது.

ஐஸ் குளியலில் வலி கொஞ்சம் மட்டுப்படும், அவ்வளவுதான். எடைப் பயிற்சி முடித்த கையோடு அடிக்கடி செய்தால் தசை வளர்ச்சியையே மட்டுப்படுத்தலாம். ஒரே நாளில் இரண்டு மூன்று ஓட்டம் இருக்கும் போட்டி நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். அப்புறம் இந்த லாக்டிக் ஆசிட் கதை. மறுநாள் கால் வலிக்கிறதே, அது லாக்டிக் ஆசிட் தேங்கியதால் என்று இன்னும் பல கிரவுண்டில் சொல்கிறார்கள். ஓட்டத்தில் சேர்ந்த லாக்டேட் ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்திலிருந்து இறங்கிவிடும். மறுநாளும் அதற்கடுத்த நாளும் வருவது தசை நார்களில் ஏற்பட்ட நுண்ணிய சேதத்தின் வலி. அதை ஓடித் தீர்க்க முடியாது.

கனமான கால் உண்மையிலேயே களைப்பா, சோம்பலா என்று தெரிந்துகொள்ள ஒரு எளிய வழி. வேக நாளில் வார்ம் அப் முடிந்ததும் நின்ற இடத்திலிருந்து இரண்டு காலாலும் ஒரு நீளத் தாண்டல், மூன்று முறை. நல்லதை நோட்டில் எழுதுங்கள். சில வாரத்தில் அவனுடைய வழக்கமான அளவு தெரிந்துவிடும். ஒரு நாள் அதில் ஒரு சாண் குறைந்தால் அன்றைக்கு வேக ஓட்டத்தை ரத்து செய்து, புல்தரையில் நடக்கவிட்டு அனுப்பிவிடுங்கள். பையன் பொய் சொல்லலாம், தாண்டல் சொல்லாது.

பள்ளி கோச் ஆறு நாளும் வரச் சொல்கிறார், என்ன செய்வது என்று அடுத்த கேள்வி வரும். சண்டை வேண்டாம். ஆறு நாளும் போகட்டும். மூன்று நாள் ஓய்வைக் கூட்டித்தர முடியுமா, மற்ற நாள்களில் புல்தரையில் மெதுவாக ஓடலாமா என்று மட்டும் கேளுங்கள். பெரும்பாலான கோச்கள் தாண்டல் அளவுகள் எழுதிய நோட்டைக் காட்டினால் காது கொடுப்பார்கள். முதல் வாரம் முழுக்க வேக ஓட்டமே வேண்டாம், கனம் இறங்கட்டும். அதற்கப்புறம் நாலு வாரம் மேலே சொன்னபடி. போட்டிக்கு முந்தின பத்து நாளில் அளவைப் பாதியாக்கி, வேகத்தை மட்டும் குறைக்காமல் வையுங்கள். இரண்டு நாள் முன்பு முழு ஓய்வு, முந்தின நாள் வார்ம் அப்போடு பிளாக்கிலிருந்து (தொடக்கக் கோட்டில் கால் வைத்து உந்தும் கட்டை) மூன்று நாலு ஸ்டார்ட்.

போட்டி அன்று ஹீட்ஸுக்கும் (தகுதிச் சுற்று) ஃபைனலுக்கும் நடுவில் ஒன்றிரண்டு மணி நேரம் இருந்தால் நிழலில் உட்காரவைத்து, கொஞ்சம் தண்ணீரும் எளிதில் செரிக்கும் மாவுச்சத்தும் கொடுங்கள். ஃபைனலுக்கு அரை மணிக்கு முன் சின்ன வார்ம் அப். அன்றைக்கு எலெக்ட்ரானிக் டைமிங் இருக்கிறதா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.